லாபத்தில் முடிய வேண்டிய மாடிப்படி

பக்கத்து வீட்டுக்காரர்கள் மாடிப்படி கட்டும்போது எங்கள் நிலத்துக்குள் ஓர் அடி வந்துவிட்டார்கள். இதைச் சொன்னால் கேட்பவர்கள் உடனே, "விடவே கூடாது, கேஸ் போடு" என்பார்கள். அடுத்ததாக, கட்டினது யார் என்று கேட்பார்கள். எங்கள் அப்பா என்பேன். அதற்கு மேல் யாரும் யோசனை சொல்வதில்லை.

அப்பா கொத்தனாராக இருந்து மேஸ்திரி ஆனவர். செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், வேங்கைவாசல் பக்கமெல்லாம் அவர் கை பட்ட வீடுகள் இருக்கின்றன. சின்ன வயதில் என்னை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போகும்போது வெளியே கை நீட்டி, "அதோ பாரு, நம்ம வூடு" என்பார். கொஞ்ச தூரம் போனதும், "அதுவும் நம்ம வூடுதான்" என்பார். நாங்கள் பெரிய பணக்காரர்கள் என்றும், ஏதோ காரணத்தால் இருப்பதிலேயே சின்ன வீட்டில் குடியிருக்கிறோம் என்றும் நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சின்ன வீடு மாடம்பாக்கத்தில், கோயிலைத் தாண்டி ஏரிப்பக்கம் போகும் தெருவில் இருக்கிறது. ஊருக்கெல்லாம் கட்டிவிட்டு மிச்சமிருந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா கட்டியது. வீட்டின் பக்கவாட்டில் ஒரு சந்து. ஒரு ஆள் தாராளமாகப் போகலாம். இரண்டு ஆள் என்றால் சண்டை போட்டுக்கொண்டு போகலாம். சந்தின் அந்தப் பக்கம் எல்லைக்கல், அதற்கு அப்பால் பக்கத்து வீடு. சந்தைப் பார்த்தபடி எங்கள் சமையலறை ஜன்னல்.

அந்த ஜன்னல்தான் அம்மாவின் கடை. அம்மா இட்லி மாவு அரைத்து விற்கிறார். போர்டு எதுவும் கிடையாது. ஜன்னல் கதவு இரண்டும் விரியத் திறந்திருந்தால் மாவு இருக்கிறது. சாத்தியிருந்தால் தீர்ந்துவிட்டது. சாயங்காலம் ஆனால் தெருவில் பாதிப் பேர் பாத்திரத்தோடு சந்துக்குள் நிற்பார்கள். என் பள்ளிக்கூடம், கல்லூரி, நான் இன்றைக்குப் போட்டுக்கொண்டு ஆபீஸ் போகும் ஷூ எல்லாம் அந்த ஜன்னல் வழியாக வந்தவைதான். கதவுகள் வெளிப்பக்கமாகத் திறக்கும். உள்ளே திறந்தால் கிரைண்டரில் இடிக்கும் என்று அப்பா அப்படி வைத்தார். இது பின்னால் முக்கியம், ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய், பாதியில் ஓடி வராமல் முழுசாக முடித்தவன் நான். இப்போது பெருங்குடியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வீட்டைப் பொறுத்தவரை, எழுத்து அச்சடித்த எதுவும் என் துறை. மாத்திரை அட்டை, பல்பு டப்பா, கேஸ் சிலிண்டர் மெசேஜ், கல்யாணப் பத்திரிகையில் யார் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்பது வரை என்னிடம் வரும். அதனால் வீட்டுக்கு ஏதாவது பிரச்சனை வந்தால், "அவன் பாத்துப்பான்" என்று எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். என்னைத் தவிர.

பக்கத்து வீட்டில் இருப்பவர்கள் இரண்டே பேர். சார் அரசாங்க ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். யாரிடமும் சத்தம் போட்டுப் பேசாதவர், முக்கியமாகத் தன் வீட்டில். அவர் மனைவி ஒரு சர்ச் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தெருவே அவரை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடும். அவர்கள் மாடியில் ஒரு வீடு கட்டி வாடகைக்கு விடலாம் என்று முடிவு செய்தபோது வேலையை அப்பாவிடமே கொடுத்தார்கள். எங்களுக்கும் சந்தோஷம். நடந்து போகிற தூரத்தில் வேலை. மத்தியானம் சூடாகச் சாப்பிடலாம். டிபன் கேரியர் கழுவுகிற வேலை மிச்சம் என்று அம்மா சொன்னார்.

சிக்கல் மாடிப்படியில் ஆரம்பித்தது. படி வெளிப்பக்கமாக, அவர்கள் வீட்டு வாசலில் தொடங்கி எங்கள் பக்கம் நோக்கி ஏறி, பாதி உயரத்தில் ஒரு சின்னத் தளத்தில் நின்று திரும்பி, மறுபடி மேலே போகும். அப்பா சுவரில் சாக்பீஸால் ஒவ்வொரு படியாகக் கோடு போட்டுக் காட்டினார். டீச்சரம்மா கையில் விடைத்தாள் கட்டோடு வந்து நின்று, விரலால் ஒவ்வொரு கோடாகத் தொட்டு எண்ணினார். "லாபம், நஷ்டம், லாபம், நஷ்டம்..." கடைசிக் கோட்டில் விரல் நின்றபோது வாயில் வந்தது நஷ்டம்.

நம் ஊரில் மாடிப்படியை இப்படித்தான் எண்ணுவார்கள். கடைசிப் படி லாபத்தில் முடிய வேண்டும். அதாவது ஒற்றைப்படை. ஆனால் டீச்சரம்மா ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். வாஸ்து, ராகுகாலம் என்று யாராவது பேசினால் வகுப்பில் பின் பெஞ்சைப் பார்ப்பது போலப் பார்ப்பவர். அப்பாவுக்கே ஆச்சரியமாகப் போய், "நீங்களே இதெல்லாம் பாப்பீங்களா டீச்சரம்மா?" என்று கேட்டிருக்கிறார்.

"இது சாமி விஷயம் இல்ல மேஸ்திரி. ஒற்றைப்படையா இரட்டைப்படையான்னு பாக்குறோம். வெறும் கணக்கு" என்றாராம் டீச்சரம்மா. தனக்கு நம்பிக்கையெல்லாம் இல்லை, ஆனால் லாபத்தில் முடிக்க வழி இருக்கும்போது வேண்டுமென்றே எதற்கு நஷ்டத்தில் முடிக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார். அப்பா சாக்பீஸை மறுபடி கையில் எடுத்தார்.

ஒரு படி கூட்ட வேண்டும். கீழே கூட்ட முடியாது, அங்கே தண்ணீர்த் தொட்டி மூடி இருக்கிறது. சம்பு மூடிமேல் படி கட்டினால் அப்புறம் தண்ணீர் லாரிக்காரன் குழாயை எங்கே விடுவான்? அதனால் மேலே கூட்டினார்கள். ஒரு படி கூடியதும், திரும்புகிற தளம் அப்படியே எங்கள் பக்கம் தள்ளி வந்தது. எல்லைக்கல்லைத் தாண்டி, சந்துக்கு மேல், சரியாக ஜன்னல் மட்டத்துக்கு.

தளத்துக்குக் கான்கிரீட் போடப் பலகை அடித்து முட்டுக் கொடுத்த அன்றைக்கு நான் ஆபீஸில் இருந்தேன். அம்மா போன் பண்ணினார். அம்மா சாதாரணமாக எனக்கு ஆபீஸ் நேரத்தில் போன் பண்ணமாட்டார், போன் பண்ணினால் என்னை வேலையை விட்டு எடுத்துவிடுவார்கள் என்று ஒரு பயம்.

"டேய், ஜன்னல் தொறக்க மாட்டேங்குது."

துரு பிடித்திருக்கும், கொஞ்சம் எண்ணெய் விடுங்கள் என்றேன்.

"எண்ணெயெல்லாம் இல்லடா. தொறந்தா உங்கப்பன் மேல இடிக்குது."

உண்மையாகவே இடித்திருக்கிறது. அப்பா சந்தில் நின்று பலகையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தபோது அம்மா கடை திறக்கக் கதவைத் தள்ள, கதவு முதலில் அப்பாவின் தோளிலும், அவர் நகர்ந்த பிறகு பலகையிலும் முட்டி நின்றுவிட்டது. ஒரு கை நுழைகிற இடைவெளிதான். மாவுப் பாக்கெட் நுழையாது. இது என்ன கூத்து என்று அம்மா அந்த இடைவெளி வழியாகக் கேட்டதற்கு, அப்பா அக்கம்பக்கம் பார்த்துவிட்டு ரகசியம் போலச் சொன்னாராம்: "நான் இப்ப வேலையில கீறேன். வூட்டு விஷயம்லாம் சாயங்காலம் பேசிக்கலாம்."

அப்பாவுக்கு இது கொள்கை. வேலை கொடுத்தவரின் வேலை நேரத்தில் சொந்த விஷயம் பேசக்கூடாது. சொந்த விஷயம் அவர் தோள்மேலேயே பலகையாக நின்றாலும் பேசக்கூடாது.

சாயங்காலம் ஆனது. அப்பா குளித்தார். வெள்ளைச் சட்டை போட்டார், விபூதி வைத்தார், தலை சீவினார். பகல் முழுக்க எந்த வீட்டுக்குள் மணல் காலோடு போய்வந்தாரோ அந்த வீட்டின் கேட்டில் நின்று காலிங்பெல் அடித்தார். படித்த பிள்ளை பக்கத்தில் இருந்தால் நல்லது என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். சார் வந்து கேட்டைத் திறந்து, வாங்க வாங்க என்று நாற்காலி போட்டார். பகலில் மேஸ்திரிக்கு டீ பேப்பர் கப்பில் வரும். சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரருக்கு காபி எவர்சில்வர் டம்ளரில் வந்தது. அப்பா அதைக் கவனித்தார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் மெதுவாகக் குடித்தார்.

"சார், உங்க படி எங்க இடத்துக்குள்ள ஓரடி வந்துட்டுகீது. எங்க வூட்டம்மா ஜன்னல் தொறக்க முடியல. பொழப்பு அதுலதான் ஓடுது" என்றார் அப்பா. நன்றாகத்தான் பேசினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, தேவைப்பட்டால் சட்டம் பேசலாம் என்று தொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

சார் மிகவும் வருத்தப்பட்டார். நீங்கள் சொல்வது முழுக்க நியாயம் என்றார். பிறகு, "எதுக்கும் மேஸ்திரிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேனே" என்றார்.

அப்பா, "கேட்டுப் பாருங்க சார்" என்றார்.

நான் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

மறுநாள் காலை சார் உண்மையாகவே கேட்டிருக்கிறார். அன்று எனக்கு லீவு, மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்ததால் என் காதாலேயே கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் நேற்று வந்து ஆட்சேபம் சொல்லிவிட்டுப் போனார், என்ன செய்யலாம் என்று சார் கேட்டார். அப்பா கரணையைக் கீழே வைத்துவிட்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மரியாதையாக யோசித்தார்.

"அவுரு அப்டிதான் சார் சொல்லுவாரு. இப்ப படிய எடுத்தா டீச்சரம்மாவுக்கு நஷ்டத்துல வந்து நிக்கும். நீங்க ஆசப்பட்டுக் கட்டுறீங்க. பக்கத்துல இருக்கறவங்கதான் கொஞ்சம் அனுசரிச்சுப் போணும்."

நான் இதை அம்மாவிடம் சொல்லியிருக்கக்கூடாது. அன்று மத்தியானம் அப்பா சூடாகச் சாப்பிட நடந்து வந்தபோது வாசல் கதவு சாத்தியிருந்தது. அம்மா உள்ளே இருந்து, "வேலை எடத்துலயே சாப்புடச் சொல்லு. இது பக்கத்து வூடு. அனுசரிச்சுப் போற வூடு" என்றார். அப்பா கடைக்குப் போய் பரோட்டா சாப்பிட்டார்.

இதற்குள் கடையும் அடிவாங்க ஆரம்பித்தது. ஜன்னல் சாத்தியிருந்ததால் மாவு இல்லை என்று நினைத்து ஆட்கள் திரும்பிப் போனார்கள். விஷயம் தெரிந்தவர்கள் வாசல் வழியாக வந்தார்கள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற நாட்களில், வாசலை ஒட்டின ஹாலில் நான் கம்பெனிக்காரர்களோடு வீடியோ மீட்டிங்கில் இருப்பேன். எனக்குப் பின்னால் ஒரு அக்கா பாத்திரத்தோடு நின்று, இது காலையில் அரைத்ததா நேற்று அரைத்ததா என்று கேட்பார். எங்கள் மேனேஜர் ஒருமுறை, முதலில் அவங்களுக்குப் பதில் சொல்லிடுங்க என்றார். தினமும் மாவு மிஞ்சியது. மிஞ்சின மாவை நாங்கள் தின்றோம். காலையில் இட்லி, ராத்திரி தோசை, மறுநாள் புளித்த தோசை, அதற்கு மறுநாள் குழிப்பணியாரம். அம்மா தட்டில் வைத்துவிட்டுப் போவார். சீட்டுக்குப் பணம் கட்டுகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது, கிரைண்டரை விற்றுவிட்டு வீட்டு வேலைக்குப் போகட்டுமா என்று ஒருநாள் சாதாரணமாகக் கேட்டார். நான் பணியாரத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தேன்.

சரி, முறைப்படி போகலாம் என்று முடிவு செய்தேன். முதலில் சாருக்கு வாட்ஸ்அப்பில், 'மதிப்பிற்குரிய ஐயா' என்று ஆரம்பித்து, 'மேற்படி ஆக்கிரமிப்பைத் தாங்கள் தாமாக முன்வந்து அகற்றுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று முடித்து, ஒரு பக்கத்துக்கு அனுப்பினேன். ராத்திரி முழுக்க பதில் இல்லை. காலையில் ஒரு ரோஜாப்பூ வந்தது. மேலே இனிய காலை வணக்கம், கீழே ஒரு பைபிள் வசனம். அவர் தெருவில் எல்லோருக்கும் தினமும் அனுப்புவது. என் கடிதத்துக்குக் கீழே அது வந்து நின்றபோது, அதுதான் பதிலோ என்று அரை மணிநேரம் அந்த வசனத்தைப் படித்து அர்த்தம் தேடிக்கொண்டிருந்தேன்.

அடுத்து, மனு எழுதி எடுத்துக்கொண்டு கட்டட விவகாரம் பார்க்கிற அலுவலகத்துக்குப் போனேன். மேசையில் இருந்தவர் நல்ல மனிதர், உட்காரச் சொன்னார், முழுசாகப் படித்தார். நான்கு கேள்விதான் கேட்டார்.

"கட்டுறது யாருப்பா?"

"மேஸ்திரி சார்."

"அவர் பேரு, அட்ரஸ்? நோட்டீஸ் அவருக்கும் போகணும்."

நான் எங்கள் வீட்டு முகவரியைச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே வந்து, மனுவின் மேலே இருந்த முகவரியைப் பார்த்துப் பேனாவை நிறுத்தினார்.

"அவர் உனக்கு என்ன வேணும்?"

"அப்பா சார்."

"உங்கப்பா எந்த எடத்துல கட்டுறாரு?"

"எங்க எடத்துலதான் சார்."

அவர் மனுவை மடித்து என் கையிலேயே கொடுத்தார். "உங்கப்பா உங்க எடத்துல கட்டுறதுக்கு நான் என்ன தம்பி பண்ண முடியும்? வீட்டுக்குப் போய்ப் பேசுங்க" என்றார். பஸ்ஸில் வரும்போது யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னதில் எந்த இடத்திலும் தப்பு இல்லை என்பதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது.

கான்கிரீட் போடுகிற நாள் வந்தது. ஒரு தடவை கான்கிரீட் விழுந்துவிட்டால் அவ்வளவுதான், அப்புறம் அந்த ஜன்னல் ஜன்னல் இல்லை, கண்ணாடி போடாத போட்டோ சட்டம். அம்மாவுக்கு அது தெரியும். காலையிலேயே குளித்துவிட்டு, சமையலறையில் சாத்தின ஜன்னலுக்கு உள்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்.

வெளியே திருவிழா போல இருந்தது. கலவை மெஷின் வந்து நின்றது. ஜல்லி, மணல், ஆட்கள், கூலியாட்களுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு தேக்சாவில் பிரியாணி. சர்ச்சிலிருந்து பாஸ்டர் வந்து ஜெபம் செய்தார். அப்பாவும் கண்ணை மூடி ஆமென் சொன்னார், சொல்லிவிட்டு மெஷினுக்குப் பின்னால் போய் யாருக்கும் தெரியாமல் ஒரு கற்பூரம் ஏற்றினார். டீச்சரம்மாவுக்குத் தெரியும். தெரியாதது போல வேறு பக்கம் பார்த்தார்.

இனி முதல் சட்டி. முதல் சட்டி கலவையை யாராவது நல்ல கைராசிக்காரர் போட வேண்டும் என்பது வழக்கம். அப்பா கட்டின எல்லா வீட்டுக்கும் முதல் சட்டி போட்டது அம்மாதான். அவர் கை பட்டால் மாவு நன்றாகப் பொங்குகிறது, அதே போல வீடும் பொங்கும் என்று யாரோ கிளப்பிவிட்டது. அம்மா முதல் சட்டி போட்ட வேங்கைவாசல் வீட்டில் இரட்டைக் குழந்தை பிறந்த பிறகு அவர் பெயர் இன்னும் பரவிவிட்டது. டீச்சரம்மாவுக்கு இதிலும் நம்பிக்கை கிடையாது. ஆனால் அம்மா போட்டால்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சார் வந்து வாசலில் கூப்பிட்டார். பதில் இல்லை. அப்பாவை அனுப்பினார்கள். அப்பா வேலை நேரம் என்பதால் சொந்த வீட்டு வாசலில் நின்று, "ஏம்மா, டீச்சரம்மா கூப்புடுறாங்க" என்று யாரோ போலச் சொன்னார். உள்ளிருந்து ஒரு பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. அப்பா திரும்பி வந்துவிட்டார்.

கடைசியில் டீச்சரம்மாவே பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சந்துக்குள் வந்து, முட்டுக் கம்புகளுக்கு நடுவே குனிந்து, ஜன்னலைத் தட்டினார். கதவு மெல்லத் திறந்து, பலகையில் முட்டி நின்றது. இடைவெளி வழியாக அம்மாவின் வலது கை மட்டும் வெளியே வந்தது. வளையலோடு, உள்ளங்கை மேலே பார்த்தபடி.

"குடுங்க டீச்சரம்மா. போட்டுர்றேன்" என்றது உள்ளிருந்து குரல்.

"அக்கா, இதென்ன, வெளிய வாங்க."

"வர மாட்டேன்னா சொன்னேன்? இவ்ளோதான் வருது. எங்க வூட்டுல எல்லாம் இந்த ஜன்னல் வழியாதான். லச்சுமி வர்றதும் இதுல, நான் குடுக்கறதும் இதுல. வாசல் வழியா வந்தா என் கைராசி கூட வராது."

சட்டியை அந்த இடைவெளியில் நீட்ட முடியுமா என்று ஒரு கூலியாள் நிஜமாகவே வைத்துப் பார்த்தார். நுழையவில்லை. பாஸ்டர் வந்து குனிந்து பார்த்தார். சார் குனிந்து பார்த்தார். பள்ளிக்கரணைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது, மெஷின்காரர் மேகத்தைப் பார்த்துவிட்டு, சீக்கிரம் சார் என்று சொல்ல ஆரம்பித்தார். எல்லோரும் ஒரு கையைச் சுற்றி நின்றோம். கை அப்படியே நீட்டியபடி இருந்தது. கொஞ்ச நேரத்தில் வலித்திருக்க வேண்டும், உள்ளே இழுத்துக்கொண்டு இடது கையை நீட்டினார். "ஐயோ அக்கா, இடது கை வேண்டாம்" என்றார் டீச்சரம்மா பதறிப்போய்.

பிறகு சந்துக்குள் குனிந்தபடியே பேச்சுவார்த்தை நடந்தது. டீச்சரம்மா சொன்னதெல்லாம் ஒன்றுதான். உங்கள் ஜன்னலைக் கெடுக்க எனக்கு ஆசையா, ஒரு படி குறைந்தால் நஷ்டத்தில் முடிகிறதே, கீழே கூட்டலாம் என்றால் சம்பு மூடி இருக்கிறதே.

அம்மா இடது கையையும் உள்ளே இழுத்துக்கொண்டார். பிறகு, "எங்க துவைக்கிற கல்லு ஒண்ணு பின்னால சும்மா கெடக்குது. மெஷின் வாங்கினதுல இருந்து அதுமேல காக்காதான் ஒக்காருது. அத எடுத்தும்போய் சம்பு மூடிமேல போடுங்க. மொதப் படியா வெச்சுக்குங்க. தண்ணி லாரி வந்தா நவுத்திக்கிலாம்" என்றார்.

டீச்சரம்மா யோசித்தார். "நகர்த்தறதைப் படின்னு எப்படிக்கா கணக்குல எடுத்துக்கறது?"

இது நியாயமான கேள்வி என்று எல்லோருக்கும் பட்டது. நான் என் படிப்பை இப்போதாவது பயன்படுத்தலாம் என்று, விதிகளில் படிக்கு விளக்கம் இருக்கிறதா என்று போனில் தேட ஆரம்பித்தேன். சிக்னல் கிடைப்பதற்குள் சார் பாஸ்டரைப் பார்த்தார். டீச்சரம்மாவும் பார்த்தார். பாஸ்டர் இப்படி ஒரு கேள்வியை அதுவரை எந்த ஜெபக் கூட்டத்திலும் சந்தித்திருக்கமாட்டார். பிரியாணி தேக்சாவை ஒரு முறை பார்த்தார், வானத்தைப் பார்த்தார்.

"கால் வெச்சு ஏறினா அது படிதானேம்மா" என்றார்.

டீச்சரம்மா உதட்டுக்குள் லாபம், நஷ்டம் என்று ஒரு முறை வேகமாக எண்ணிப் பார்த்தார். தலையாட்டினார். சார் அப்பா பக்கம் திரும்பி, அந்த வேலையில் முதல் தடவையாக உத்தரவு போடுகிற குரலில், "மேஸ்திரி, எடுத்துடுங்க" என்றார்.

அப்பா அதற்காகத்தான் காத்திருந்தார் போலும். அவர் அவ்வளவு வேகமாக ஒரு வேலை செய்து நான் பார்த்ததில்லை. முட்டுகள் சரிந்தன, பலகை பிரிந்தது, கம்பியை வளைத்து வெட்டி, பழைய சாக்பீஸ் கோட்டுக்கே தளத்தைக் கொண்டுவந்து மறுபடி பலகை அடித்தார். என்னையும் பலகை பிடிக்கச் சொன்னார். நாங்கள் நான்கு பேர் துவைக்கிற கல்லைத் தூக்கிக்கொண்டு தெரு வழியாக ஊர்வலம் போல வந்தோம். கல் இடம் மாறுவதைப் பார்த்து இரண்டு காக்கைகள் கூடவே வந்தன.

கடைசிப் பலகையும் எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் போனதும், ஜன்னல் கதவுகள் இரண்டும் மெதுவாக, முழுசாகத் திறந்தன. எதிலும் இடிக்கவில்லை. அம்மா ஒரு தடவை சாத்தி மறுபடி திறந்து பார்த்தார். அப்புறம் வாசல் வழியாகவே வெளியே வந்தார். முதல் சட்டியை வலது கையால் வாங்கிப் போட்டார். மெஷின் ஓட ஆரம்பித்தது. எல்லாம் போட்டு முடித்துத் தார்ப்பாய் மூடும்போது நாலு தூற்றல் விழுந்தது. டீச்சரம்மா அதை ஆசீர்வாதம் என்றார், அப்பா கைராசி என்றார், பாஸ்டர் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் அப்பா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, மறுபடி பக்கத்து வீட்டுக் காலிங்பெல்லை அடித்தார். பிரச்சனையைத் தீர்த்துவைத்ததற்குப் பக்கத்து வீட்டுக்காரர் என்ற முறையில் நன்றி சொல்லப் போனாராம். சார், "எல்லாம் மேஸ்திரிதாங்க, நல்ல மனுஷன்" என்றிருக்கிறார். அப்பா, "ஆமா சார், நானும் கேள்விப்பட்டேன்" என்று சொல்லிவிட்டு காபி குடித்துவிட்டு வந்தார். வீட்டிலும் கதவு திறந்திருந்தது.

இப்போது மாடியில் குடித்தனம் வந்துவிட்டது. அவர்கள் படியை எண்ணுவதில்லை, இரண்டிரண்டாகத் தாவி ஏறுகிறார்கள். டீச்சரம்மா அதைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறார். தண்ணீர் லாரி வரும் நாளில் துவைக்கிற கல்லை நகர்த்திவைப்பார்கள். அது திரும்பித் தன் இடத்துக்கு வரும்வரை டீச்சரம்மா மாடிக்குப் போகமாட்டார், மேலே துணி நனைந்தாலும்.

அந்தத் தளம் எல்லைக்கல்லோடு நின்றுவிட்டதில் ஒரு வசதி யாரும் எதிர்பார்க்காதது. டீச்சரம்மா மாவு வாங்க இப்போது தெருவைச் சுற்றிச் சந்துக்கு வருவதில்லை. தன் வீட்டுப் படியில் பாதி ஏறி, தளத்தில் நின்று சந்துக்குக் குறுக்கே கை நீட்டுகிறார். ஜன்னலிலிருந்து அம்மா கை நீட்டுகிறார். பாக்கெட் நடுவில் கைமாறுகிறது. போன வாரம் அப்பாவும் நானும் சந்தில் நின்றிருந்தோம். அம்மா பாக்கெட்டைக் கொடுத்துவிட்டு, "பாதியிலயே நின்னுட்டீங்களே டீச்சரம்மா, எண்ணிப் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

டீச்சரம்மா கீழே திரும்பி ஒவ்வொரு படியாகப் பார்த்தார். "இங்க வரைக்கும் எண்ணினா நஷ்டம்தான்க்கா வருது."

"அது வாங்குறவங்களுக்கு. எனக்கு இந்தப் பக்கம் லாபத்துலதான் வருது" என்றார் அம்மா.

டீச்சரம்மா சிரித்துவிட்டார். அப்பாவுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அன்று பக்கத்து வீட்டில் வெளிப்பூச்சு வேலை கொஞ்சம் பாக்கி இருந்தது, தலையில் துண்டு கட்டியிருந்தார். அதனால் வாயை மூடிக்கொண்டு, சாயங்காலம் வரைக்கும் அடக்கி வைத்திருந்தார்.